சரக்கின் பாதையும் கட்டளையின் பாதையும்

எந்தப் போக்குவரத்து அமைப்பிலும் இரண்டு ஓட்டங்கள் உண்டு. ஒன்று சரக்கு. மற்றொன்று, அந்தச் சரக்கு எந்த வழியாகப் போகவேண்டும், எங்கே நிற்கவேண்டும், முன்னால் வழி திறந்திருக்கிறதா என்று சொல்லும் கட்டளை. இவ்விரண்டும் ஒரே பாதையில் போகலாமா, தனித்தனியே போகவேண்டுமா என்ற கேள்வி வடசென்னைக்கு 1856 முதலே பழக்கம். ராயபுரத்தில் தண்டவாளம் போட்டவர்கள் அதற்கு ஒரு விடை கண்டார்கள். கடலடித் தந்தியை இறக்கியவர்கள் வேறொரு விடை கண்டார்கள். இன்று டேட்டா சென்டர்களில் வட்டுகளையும் சர்வர்களையும் இணைக்கும் சேமிப்பு ஸ்விட்சுகளுக்கு ஐபி முகவரியும் வழியும் அமைத்துத் தருபவர்களும் அதே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்.

மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1853-இல் தொடங்கிய பாதைப் பணி மூன்றாண்டுகளில் முடிந்தது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் ராயபுரத்துக்கும் ஆற்காட்டுக்கும், அதாவது இன்றைய வாலாஜா ரோட்டுக்கும், இடையே பயணிகள் வண்டி ஓடியது. தூரம் சுமார் 100 கி.மீ. தென்னிந்தியாவின் முதல் ரயில் அது. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். மசூலா படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கைக் கரைசேர்க்கும். அந்தக் கரைக்கும், கருப்பர் நகரத்து வணிகர்களின் கிட்டங்கிகளுக்கும் பக்கத்தில் இருந்ததுதான் ராயபுரத்தின் தகுதி. வில்லியம் அடெல்பி டிரேசி வடிவமைத்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பம்பாயிலும் ஹௌராவிலும் முதலில் எழுந்த நிலையங்கள் மறைந்துவிட்டதால், நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் என்ற பெயர் இதற்கே கிடைத்தது.

ரயிலுக்குச் சற்று முன்புதான் தந்தி வந்திருந்தது. வில்லியம் ஓ'ஷானசியின் மேற்பார்வையில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய ஊர்களை இணைத்த கம்பி 1855 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ரயில்வேக்கு இந்தக் கம்பி வெறும் வசதியல்ல, உயிர்நாடி. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் மோதாமல் இருக்கவேண்டுமென்றால், வண்டியைவிட வேகமாகச் செய்தி போகவேண்டும். ஒரு நிலையத்தின் மாஸ்டர் அடுத்த நிலையத்தைக் கேட்பார். அங்கிருந்து 'லைன் கிளியர்' வந்தபிறகுதான் வண்டி புறப்படும். சரக்கு தண்டவாளத்தில், கட்டளை கம்பியில் என்று ஊடகம் இரண்டாகப் பிரிந்தது. ஆனால் இடம் பிரியவில்லை. தந்திக் கம்பங்கள் தண்டவாளத்தை ஒட்டியே நின்றன. வெள்ளம் ஒரு கரையை அரித்துக்கொண்டு போனால் பாதையும் போகும், அந்தச் செய்தியைச் சொல்லவேண்டிய கம்பியும் போகும்.

பின்னாளில் வந்த டோக்கன் முறை இதைத் தலைகீழாக்கியது. இந்திய ரயில்வேயில் நெடுங்காலம் புழங்கிய நீல் கருவியில், இரண்டு நிலையங்களுக்கும் பொதுவாக எஃகு உருண்டைகள் இருக்கும். இரண்டு கருவிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு சமயத்தில் ஓர் உருண்டைதான் வெளியே வரமுடியும். அந்த உருண்டையைப் பையிலிட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் இன்ஜினில் இருப்பவரிடம் நீட்டுவார்கள். வளையம் கையில் இல்லாமல் டிரைவர் அந்தத் தடத்தில் நுழையக்கூடாது. கட்டளை இப்போது சரக்கோடு சேர்ந்தே பயணம் செய்தது. கம்பி கொடுக்கும் அனுமதியைக் கையில் பிடிக்கக்கூடிய பொருளாக மாற்றிய இந்த ஏற்பாடு, இரண்டு பாதைகளின் நன்மையையும் ஒன்றாகச் சேர்த்தது. ரயில்வேயின் பழைய பொறியியலில் இதைவிட நேர்த்தியான தீர்வு அரிது.

வழியைச் சொல்வது ஒரு வேலை. வழியை உண்மையிலேயே திருப்பிவிடுவது மற்றொரு வேலை. பாயிண்ட்ஸ்மேன் தண்டவாளத்தின் நாக்கைத் திருப்பிவைத்தாலும், கைகாட்டி வேறொன்றைச் சொன்னால் விபத்து நிச்சயம். ராயபுரம் திறக்கப்பட்ட அதே 1856-இல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி, பாயிண்டையும் கைகாட்டியையும் ஒன்றோடொன்று பூட்டி இயக்கும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்டர்லாக்கிங் எனப்படும் அந்தக் கொள்கை நெம்புகோல் கேபின்களிலிருந்து இன்றைய கணினிப் பலகைகள் வரை தொடர்கிறது. அது எவ்வளவு அடிப்படையானது என்பதை 2024 அக்டோபர் 11 இரவு வடசென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் தடத்தில், கவரைப்பேட்டையில், எல்லாரும் பார்த்தார்கள். மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு முதன்மைத் தடத்துக்கான சிக்னல் விழுந்திருந்தது. வண்டியோ லூப் தடத்துக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. உயிரிழப்பு இல்லாமல் போனது பெரும் பேறு. சொல்லப்பட்ட வழியும் உண்மையான வழியும் பிரியும்போது என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை.

ராயபுரத்தின் முதன்மை நெடுநாள் நீடிக்கவில்லை. 1873-இல் சென்ட்ரல் வந்தது. 1922-இல் ரயில்வே தலைமையகமும் சென்ட்ரல் அருகே எழுந்த புதிய மாளிகைக்குப் போனது. ஆனால் பயணிகளை இழந்த ராயபுரம் வழிகள் பிரியும் இடமாகத் தொடர்ந்தது. கடற்கரையிலிருந்து ராயபுரம் வந்து, வண்ணாரப்பேட்டை தாண்டியதும் தடம் பிரிகிறது: ஒரு கிளை வியாசர்பாடி ஜீவா வழியாகப் பெரம்பூருக்கும் மேற்குக்கும், மற்றொன்று கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூருக்கும் வடக்குக்கும். துறைமுகச் சரக்கும் புறநகர்ப் பயணிகளும் இந்தக் கிளைகளைப் பகிர்ந்துகொள்ள, தண்டையார்பேட்டை யார்டில் பெட்டிகள் பிரிக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டன. மின்சார இன்ஜின்களின் பணிமனை ஒன்று ராயபுரத்தில் இன்றும் இயங்குகிறது.

கடல் வேறு பாடம் கற்பித்தது. 1870–71-இல் பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் டெலிகிராஃப் கம்பெனி சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்தி இறக்கியது. லண்டனிலிருந்து சூயஸ், ஏடன் வழியே பம்பாய் வந்த செய்தி தரைக்கம்பியில் சென்னைக்கு வந்து, இங்கே மீண்டும் கடலில் இறங்கியது. ஒரே செய்தியைப் பல நிலையங்களில் ஊழியர்கள் கேட்டு எழுதி, மறுபடி தட்டி அனுப்பவேண்டியிருந்தது. எந்தச் செய்தி எந்தக் கம்பிக்கு என்று தீர்மானிப்பவர் மேசைக்கு முன் உட்கார்ந்திருந்த மனிதர்தான். கட்டணம் செலுத்தியவரின் செய்தி போன அதே ஒற்றைக் கம்பியில்தான், கம்பியின் பழுது பற்றிய ஊழியர்களின் பணிச்செய்தியும் போனது. வங்கக் கடலுக்கு அடியில் கட்டளைக்கென்று இரண்டாவது கம்பி போட எந்தக் கம்பெனிக்கும் பணம் இருந்ததில்லை. கம்பி அறுந்தால் அறுந்த செய்தியைச் சொல்லவும் வழியில்லை. கரையிலிருந்து மின்தடையை அளந்து, பழுது எத்தனை மைலில் இருக்கிறது என்று கணக்கிட்டுக் கப்பல் அனுப்பினார்கள்.

கணினி வந்தபின் இந்த இரண்டு அனுபவங்களும் ஓர் இடத்தில் சந்தித்தன. ரயில்வேயின் முன்பதிவு தொடக்கத்தில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களில் தனித்தனியே நடந்தது. சென்னையின் மையம் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் இருந்தது. ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு உருவாக்கிய 'கன்சர்ட்' மென்பொருள் 1999 ஏப்ரலுக்குள் ஐந்தையும் பிணைத்தது. ஒரு வண்டியின் இருக்கைக் கணக்கு ஏதாவது ஒரு மையத்தில் இருக்கும். சென்னைக் கவுன்டரில் கேட்கும் டிக்கெட் எந்த மையத்தின் வண்டி என்பதைப் பொறுத்துக் கேள்வி அந்த மையத்துக்குப் போய்த் திரும்பும். மறு ஆண்டு, 2000-இல், ரெயில்டெல் நிறுவனம் தொடங்கப்பட்டது. தண்டவாளத்தை ஒட்டிய நிலத்தில் கண்ணாடி இழைக் கம்பிகளைப் பதித்து, ரயில்வேயின் சொந்தத் தேவைக்கும் வெளியாருக்கும் கொடுப்பது அதன் பணி. தந்திக் கம்பம் நின்ற ரயில் ஓரத்தை இழை பிடித்துக்கொண்டது.

இதே ஆண்டுகளில் பெரிய கணினி மையங்களுக்குள் இன்னொரு வலையமைப்பு வளர்ந்தது. சர்வருக்குள்ளேயே வட்டுகளை மாட்டிவைப்பதை விட்டுவிட்டு, எல்லா வட்டுகளையும் ஒரே அலமாரியில் குவித்து, எந்தச் சர்வரும் எந்த வட்டையும் எட்டும்படி செய்வது அதன் நோக்கம். இதற்கான ஃபைபர் சேனல் நெறிமுறை 1994-இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது. அதன் ஸ்விட்சுகளை முதலில் பெருவாரியாகச் சந்தைக்குக் கொண்டுவந்த ப்ரோகேட் நிறுவனத்தை 1995-இல் தொடங்கிய மூவரில் ஒருவர், மைசூரில் பொறியியல் படித்த குமார் மாலவள்ளி. ஃபைபர் சேனல் ஐபியைச் சார்ந்ததல்ல. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு டொமைன் எண். ஒவ்வொரு போர்ட்டுக்கும் 24 பிட் முகவரி. குறுகிய வழியை ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசித் தீர்மானிக்கும். வட்டுத் தரவு ஒரு சட்டகம்கூடத் தவறாமல் போய்ச்சேர்வதுதான் அதன் ஒரே கவலை.

இங்கேதான் கட்டளையின் பாதை பற்றிய கேள்வி திரும்ப வருகிறது. ஸ்விட்சைக் கண்காணிப்பவர், அதன் அமைப்பை மாற்றுபவர், பழுதறிவிப்பைப் பெறும் கணினி என எல்லாம் ஐபி உலகத்தைச் சேர்ந்தவை. அதனால் ஒவ்வொரு சேமிப்பு ஸ்விட்சிலும் ஒரு சாதாரண ஈதர்நெட் மேனேஜ்மென்ட் போர்ட் வைக்கப்பட்டது. அதற்கு ஓர் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வே ஆகிய மூன்றையும் கொடுத்தால், அலுவலக வலையிலிருந்து ஸ்விட்சுக்குள் நுழையலாம். அதுவும் கைவிட்டால் கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு நேரில் போகவேண்டும். தண்டவாளமும் தந்தியும் தனித்தனி ஊடகங்களாக இருந்த ராயபுரத்து ஏற்பாடே இது. அதன் பலவீனமும் அப்படியே வந்தது. அலுவலக ஈதர்நெட் ஸ்விட்ச் ஒன்று பழுதானால் வட்டுகள் தொடர்ந்து இயங்கும், ஆனால் சேமிப்பு ஸ்விட்சுகளில் என்ன நடக்கிறது என்று கேட்க வழியிருக்காது. கேட்கவேண்டிய தருணமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

இதற்கு மாற்றாக, சரக்குப் பாதையிலேயே கட்டளையையும் அனுப்பும் முறை வகுக்கப்பட்டது. 1999 ஜூனில் வெளியான, ஆர்எஃப்சி 2625 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், ஐபி பொதியை ஃபைபர் சேனல் சட்டகத்துக்குள் வைத்து அனுப்புவது எப்படி என்று வரையறுத்தது. 2002-இல் சிஸ்கோ அறிவித்த எம்டிஎஸ் வரிசை ஸ்விட்சுகளில் இந்த வசதி விரிவான வடிவம் பெற்றது. ஒரே ஸ்விட்சைப் பல தனித்தனி சேமிப்பு வலைகளாகப் பிரிக்கும் விசான் என்ற ஏற்பாடும் அவற்றோடு வந்தது. 2004-இல் அது பொதுத் தரத்துக்குள் சேர்ந்தது. ஒவ்வொரு விசானுக்கும் ஸ்விட்சில் ஓர் ஐபி இடைமுகம் அமைக்கலாம்.

நான்கு ஸ்விட்சுகள் கொண்ட ஓர் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். மேலாண்மைக் கணினி இருக்கும் அலுவலக வலை 192.168.10.0 என்றும், நான்கு ஸ்விட்சுகளின் விசான் இடைமுகங்களும் 10.10.1.0 என்ற தனி சப்நெட்டில் இருப்பதாகவும் கொள்வோம். முதல் ஸ்விட்சின் மேனேஜ்மென்ட் போர்ட் மட்டும் அலுவலக வலையில் செருகப்பட்டிருக்கிறது. அந்த ஸ்விட்சில் ஐபி ரவுட்டிங்கை இயக்கவேண்டும். மற்ற மூன்றும் தங்கள் டிஃபால்ட் கேட்வேயாக முதல் ஸ்விட்சின் விசான் முகவரியைக் குறிக்கவேண்டும். இத்தோடு வேலை முடிந்ததென்று எழுந்துவிடுபவர்கள் பலர். மேலாண்மைக் கணினிக்கு 10.10.1.0 எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த சப்நெட்டுக்கான வழி முதல் ஸ்விட்சின் மேனேஜ்மென்ட் முகவரி என்று கணினியிலோ அலுவலக ரவுட்டரிலோ ஒரு நிலையான வழியை எழுதாவிட்டால், ஸ்விட்சுகள் அனுப்பும் எச்சரிக்கை கணினிக்கு வந்துசேரும். கணினி அனுப்பும் பதிலோ ஸ்விட்சுகளுக்குப் போய்ச்சேராது.

எம்டிஎஸ் ஸ்விட்சுகளில் ஐபி ரவுட்டிங் தொடக்கத்தில் அணைக்கப்பட்டே வருகிறது. அதை எரிச்சலாகக் கருதும் நிர்வாகிகள் உண்டு. உண்மையில் அந்த வடிவமைப்பிலேயே மிகச் சரியான முடிவு அதுதான். ரவுட்டிங் இயங்கும் ஸ்விட்ச் இரண்டு வலைகளுக்கும் இடையே திறந்த கதவு. அலுவலக வலையில் புகுந்த ஒருவர் அந்தக் கதவு வழியாக எல்லா ஸ்விட்சுகளின் கட்டுப்பாட்டையும் எட்டமுடியும். கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட்டை நிறுத்தி எஸ்எஸ்ஹெச் மட்டும் வைப்பது, கண்காணிப்பு நெறிமுறையான எஸ்என்எம்பியின், 2002 இறுதியில் தரமாக ஏற்கப்பட்ட, மூன்றாம் பதிப்புக்கு மாறுவது, எந்த முகவரிகள் நுழையலாம் என்று பட்டியலிடுவது ஆகியவை எல்லாம் ரவுட்டிங்கைத் திறப்பதற்கு முன் முடியவேண்டிய வேலைகள்.

கதவு ஒன்றே ஒன்றாக இருப்பதும் ஆபத்துதான். முதல் ஸ்விட்ச் விழுந்தால் மற்ற மூன்றும் கண்ணுக்கு மறைந்துவிடும். இதற்கு விஆர்ஆர்பி நெறிமுறை உதவுகிறது. 1998-இல் முதலில் வெளியான இந்த நெறிமுறையில் இரண்டு ஸ்விட்சுகள் ஒரு பொது ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று உரிமையோடு நடத்தும். மற்றது கேட்டுக்கொண்டே இருந்து, முதலாவதிடமிருந்து அறிவிப்பு நின்றதும் முகவரியைத் தான் ஏற்கும். பெரிய அமைப்புகளில் மேலாண்மைக்கென்றே தனி விசானை எல்லா ஸ்விட்சுகள் மேலும் போர்த்துவதும் வழக்கம். அதில் வட்டோ சர்வரோ இருக்காது. என்டிபி வழியாக எல்லா ஸ்விட்சுகளின் கடிகாரங்களையும் ஒன்றாக வைப்பது சிறிய வேலையாகத் தோன்றும். பழுதின் வரிசையைப் பதிவேடுகளிலிருந்து மீட்க முயலும் நாளில்தான் அதன் அருமை தெரியும். எது முதலில் அறுந்தது என்பதே கேள்வியாக இருக்கும்போது, நான்கு ஸ்விட்சுகளும் நான்கு நேரம் காட்டினால் அந்தக் கேள்விக்கு விடையே இல்லை.

2004 ஜூலையில் உறவு தலைகீழானது. அதுவரை ஐபி, கட்டளையைச் சுமந்துகொண்டு சேமிப்பு வலைக்குள் விருந்தாளியாக வந்தது. ஆர்எஃப்சி 3821 வகுத்த எஃப்சிஐபி முறையில், ஃபைபர் சேனல் சட்டகங்கள் ஐபி வலைக்குள் விருந்தாளியாகப் போயின. காரணம் தூரம். ஃபைபர் சேனலில், எதிர்ப்பக்கம் எத்தனை சட்டகங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறதோ அதற்கு உட்பட்டே அனுப்பும் பக்கம் அனுப்பும். வினாடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் ஏறத்தாழ 2 கி.மீ. தூரத்துக்கு ஓர் ஒதுக்கீடு தேவை, 1,000 கி.மீ.க்கு 500. வேகம் 8 மடங்கானால் ஒதுக்கீடும் 8 மடங்காகும். நீண்ட தூரங்களுக்கு இது கட்டுப்படியாகாது. ஐபி வலை ஊர் ஊராக ஏற்கெனவே போயிருந்தது.

சென்னைக்கும் அப்போது கடல்வழி இழைகள் வந்துவிட்டன. 2002-இல் பார்தியும் சிங்டெலும் இணைந்து சென்னை–சிங்கப்பூர் இடையே இறக்கிய ஐ2ஐ கம்பியின் நீளம் சுமார் 3,200 கி.மீ. 2004-இல் விஎஸ்என்எல் அதே இரண்டு ஊர்களுக்கு இடையே இன்னொன்றை இறக்கியது. 1871-இன் வழித்தடம் ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கம்பி சுமார் 2,300 கி.மீ. நீளத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. புயலும் வெள்ளமும் மட்டும் மாறவில்லை. 1881 புயல் கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது; 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கரையைக் கடந்தபோது நகரத்தின் இணையம் தடுமாறியது.

சேமிப்பு வலையமைப்பின் பாதைகள் நாட்டின் செய்தியாக மாறியது 2021 பிப்ரவரி 24 அன்று. மும்பையின் தேசியப் பங்குச்சந்தைக்குப் பேரிடர்க்கால மாற்றுத் தளம் சென்னையில் இருந்தது. அருகிலேயே, மும்பைக்குள், இன்னொரு தளமும் உண்டு. இப்படி இரண்டு தளங்கள் இருப்பதற்கு ஒளியின் வேகம்தான் காரணம். இழையில் ஒளி 1 கி.மீ. கடக்க 5 மைக்ரோவினாடி ஆகும். மும்பை–சென்னை போய்வர நேர்க்கோட்டுத் தூரத்திலேயே 10 மில்லிவினாடிக்குக் குறையாது. ஒவ்வொரு எழுத்தையும் மறுபக்கம் உறுதிசெய்த பிறகே முடித்ததாகக் கருதும் பிரதியெடுப்பு அந்தத் தூரத்துக்கு ஒத்துவராது. ஒரு பதிவும் இழக்காத பிரதி அதே ஊரில். சற்றுப் பின்தங்கிவரும் பிரதி சென்னையில்.

அன்று மும்பைத் தளங்களை இணைத்த தொலைத்தொடர்பு இணைப்புகள் அறுந்தன. சாலையோரத் தோண்டும் பணிகளே காரணம் என்று சந்தை பின்னர் விளக்கியது. இணைப்பு போனாலும் முதன்மைத் தளம் தானாக இயங்கியிருக்கவேண்டும். ஆனால் சேமிப்பு வலையமைப்பு எதிர்பாராத விதமாக நடந்துகொண்டு, முதன்மை வட்டுகள் சர்வர்களுக்கு எட்டாமல் போயின. இடர் மேலாண்மை அமைப்பு நின்றது. காலை 11.40-க்கு வணிகம் நிறுத்தப்பட்டு, மாலை 3.45 முதல் 5 மணி வரை நடந்தது. சென்னைத் தளத்துக்கு ஏன் மாறவில்லை என்பதே அன்று எழுந்த பெரிய கேள்வி. பின்தங்கிவரும் பிரதிக்கு மாறினால் கடைசிச் சில பதிவுகளை இழக்கும் அபாயம் உண்டு. மாறாவிட்டால் சந்தை மூடியே கிடக்கும். அந்த முடிவை மனிதர்கள்தான் எடுக்கவேண்டும், அதுவும் நிமிடங்களில்.

அடுத்த மாதமே, பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி அந்த நிமிடங்களை எண்ணிக் கொடுத்தது. 2021 மார்ச் 22 சுற்றறிக்கையின்படி, முக்கிய அமைப்பு முடங்கிய 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்கவேண்டும். அதன்பின் 45 நிமிடத்தில் மாற்றுத் தளத்தில் இயங்கவேண்டும். இழக்கும் தரவு 15 நிமிட அளவைத் தாண்டக்கூடாது. மாற்றுத் தளம் வேறு நிலநடுக்க மண்டலத்தில் இருப்பது நல்லது. முடியாவிட்டால் குறைந்தது 500 கி.மீ. தள்ளியிருக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உண்மையான வணிகத்தையே மாற்றுத் தளத்திலிருந்து நடத்திப் பார்க்கவேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. ஐபி முகவரிகள், நிலையான வழிகள், எஃப்சிஐபி இணைப்புகள் ஆகிய எல்லாம் அந்த ஒத்திகையில்தான் சோதிக்கப்படுகின்றன. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, தேசியப் பங்குச்சந்தை காலை 9.15 முதல் 10 வரை முதன்மைத் தளத்திலிருந்தும், 11.30 முதல் 12.30 வரை மாற்றுத் தளத்திலிருந்தும் வணிகம் நடத்தியது. அதே பயிற்சி மே 18 அன்று மீண்டும் நடந்தது.